பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம் வேண்டுமா?



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்தின் வழி வீட்டுக்கே வந்தன. அக்காலத்தில், பிள்ளைகளின் படிப்புக்காகத் தவணை முறையிலாவது ஒரு மடிக்கணினியை வாங்கி வைத்த பெற்றோர் நம் தோட்டப்புறங்களிலும் பினாங்குப் பட்டணத்திலும் பலர். அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திவிட்டது.

இனி என்ன செய்வது? கடைக்காரரைக் கேட்டால், "இது பழசாகிவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். அண்டை வீட்டுக்காரரைக் கேட்டால், "நன்றாகத்தானே ஓடுகிறது, ஓடுகிற வரையில் ஓடட்டும்" என்கிறார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு இது சிறிய கேள்வி அன்று. தேவையில்லாமல் புதிது வாங்கினால் பணம் வீண். தேவையான நேரத்தில் மாற்றாமல் விட்டால், வங்கிக் கணக்கும் பிள்ளையின் பாடங்களும் குடும்பப் படங்களும் ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே, எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், இயங்குதளம் என்றால் என்ன? தோட்டத்தில் காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் இருக்கிறார்கள், மரங்கள் இருக்கின்றன, கருவிகளும் இருக்கின்றன. ஆனால், யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்தக் கருவி என்று பங்கிட்டுக் கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் வேலை நடக்குமா? கணினியில் அந்தப் பங்கீட்டைச் செய்வதுதான் இயங்குதளம். நாம் தட்டச்சு செய்யும் எழுத்தைத் திரையில் காட்டுவதும், கோப்பை வட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணை அனுப்புவதும், யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பார்த்துக்கொள்வதும் அதன் பணிகள். விண்டோஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மேக், லினக்ஸ் ஆகியவை கணினிகளுக்கான இயங்குதளங்கள். நம் கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டும் ஓர் இயங்குதளமே.

அடுத்து, 'ஆதரவு முடிந்தது' என்பதன் பொருள் என்ன? அன்றோடு கணினி நின்றுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்படி ஒன்றும் நிகழாது. முதல் நாள் ஓடிய கணினி மறுநாளும் ஓடும். நின்று போவது பழுது பார்க்கும் வேலைதான்.

இயங்குதளம் என்பது பல கோடி வரிகளில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. மனிதர் எழுதியதில் பிழை இருக்கத்தான் செய்யும். அப்பிழைகளுள் சில, அயலார் உள்ளே நுழையும் ஓட்டைகளாக அமைந்துவிடுகின்றன. ஒவ்வோர் ஓட்டையும் கண்டறியப்படும்போது, அதை அடைக்கும் திருத்தத்தை நிறுவனம் இணையத்தின் வழி அனுப்பிவைக்கிறது. மைக்ரோசாப்ட் இத்திருத்தங்களை மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் வெளியிடுகிறது. அமெரிக்க நேரப்படி செவ்வாய் என்பதால், நமக்கு அது புதன்கிழமை விடியற்காலை ஆகும். ஆதரவு முடிந்த இயங்குதளத்திற்கு இந்தத் திருத்தம் வாராது.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புதிய இயங்குதளம் முற்றிலும் புதியதன்று. பழையதன் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டே அது வருகிறது. ஆகவே, புதியதில் ஓர் ஓட்டையை அடைத்தோம் என்று நிறுவனம் அறிவிக்கும்போது, பழையதிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கக்கூடும் என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. புதியது அடைபட்டுவிட்டது; பழையது திறந்தே கிடக்கிறது. மாதங்கள் செல்லச் செல்ல இத்தகைய ஓட்டைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். முதல் வாரத்தில் இருக்கும் ஆபத்தைவிட ஓராண்டு கழித்து இருக்கும் ஆபத்து பெரிது என்பது இதனால் விளங்கும்.

இது வெறும் அச்சுறுத்தலா என்று சிலர் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் நடந்ததைச் சொன்னால் போதும். 'வன்னாகிரை' என்னும் தீய நிரல் அன்று உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் அது பூட்டிவிடும். திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடு என்று கேட்கும். 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் தடுமாறின. ஏறத்தாழ 19 ஆயிரம் நோயாளிச் சந்திப்புகள் இரத்தானதாகப் பின்னர்க் கணக்கிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கொண்டவையே. மருந்து வீட்டுக்கு வந்தும் குடிக்காதவர்கள் அவர்கள். புதிய இயங்குதளம் வைத்திருந்தால் மட்டும் போதாது, வருகின்ற திருத்தங்களை ஏற்கவும் வேண்டும் என்பது முதற்பாடம். ஆதரவு 2014-இலேயே முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும், நிலைமையின் கடுமை கருதி, தாக்குதல் தொடங்கிய பின்னரே விதிவிலக்காக ஒரு திருத்தம் பொதுமக்களுக்குக் கொடுக்கப்பட்டது. அத்தகைய விதிவிலக்கை நம்பி நாம் இருக்க முடியாது என்பது இரண்டாம் பாடம்.

அப்படியானால், புதியது வந்தவுடன் முதல் ஆளாக ஓடிப்போய் மாற்றிக்கொள்ள வேண்டுமா? அதுவும் வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் விண்டோஸ் 10-க்குப் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்தது. அதை ஏற்றிய சிலருடைய கணினிகளில் கோப்புகள் அழிந்துபோயின. நிறுவனம் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்று, குறையைச் சரிசெய்து, நவம்பர் மாதத்தில்தான் மறுபடியும் வெளியிட்டது. முதல் வாரத்தில் ஏற்றியவர் துன்பப்பட்டார். ஆறு வாரம் பொறுத்தவர் பயன்பெற்றார். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தை உடனே ஏற்க வேண்டும். பெரிய மாற்றத்தைச் சற்றுப் பொறுத்து ஏற்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இரப்பர்த் தோட்டங்களில் மறுநடவு நடப்பதை நாம் அறிவோம். ஆராய்ச்சிக் கழகம் புதிய இன மரம் ஒன்றை அறிவித்துவிட்டது என்பதற்காக, பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மரங்களை யாரும் வெட்டிச் சாய்ப்பதில்லை. அதேபோல், பால் வற்றிப்போன மரத்தைப் பழக்கம் காரணமாக வைத்துக்கொண்டிருப்பதும் இல்லை. வரவையும் செலவையும் எடை போட்டே முடிவு செய்கிறார்கள். கணினிக்கும் அதுவே வழி. அதற்கு நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதற்கேள்வி: இந்தக் கணினி என்ன வேலை செய்கிறது? இணையத்தோடு இணையாமல், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் ஒரு கணினி பயன்படுமானால், அதைப் பழைய இயங்குதளத்திலேயே விட்டுவைக்கலாம். ஆனால், அதில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோமா? மின்னஞ்சல் பார்க்கிறோமா? கல்வி அமைச்சு 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய 'டெலிமா' கற்றல் தளத்தில் பிள்ளைகள் நுழைகிறார்களா? இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தாலும், திருத்தம் பெறாத கணினி அந்த வேலைக்கு ஏற்றதன்று. இன்னொன்றும் உண்டு. காலப்போக்கில் இணைய உலாவிகளும் பழைய இயங்குதளத்தைக் கைவிட்டுவிடும். கூகுள் குரோம் உலாவியின் புதிய பதிப்புகள் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து விண்டோஸ் 7-இல் இயங்குவதில்லை.

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்தான் இருக்கிறதே என்று சிலர் சொல்வர். அது வீட்டு வாசலில் நிற்கும் காவலாளி போன்றது. காவலாளி நல்லவரே, ஆனால், பின்கதவின் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தால் அவர் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

இரண்டாம் கேள்வி: புதிய இயங்குதளத்தை இந்தக் கணினி தாங்குமா? 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் கேட்கிறது. இது காகிதக் கணக்கு. நடைமுறையில் 8 ஜிகாபைட் நினைவகம் இருந்தால்தான் வேலை தடையின்றி நடக்கும். இவற்றோடு, டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பும் வேண்டும். கடவுச்சொல்லுக்கும் மறைகுறிகளுக்கும் உரிய சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் அது. பல கணினிகளில் அந்தப் பெட்டகம் உள்ளே இருந்தும், இயக்கி வைக்கப்படாமல் இருக்கிறது. "உங்கள் கணினி தகுதி பெறவில்லை" என்று திரையில் கண்டதும் மனம் தளர வேண்டாம். விவரம் தெரிந்தவரிடம் காட்டி, அந்தச் சில்லை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, கணினியின் மூளையாகிய செயலியின் தலைமுறையையும் பார்க்க வேண்டும். இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறை முதல் ஏற்கப்படும். ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும், மிகச் சில நீங்கலாக, ஏற்கப்படுவதில்லை. இதைக் கண்டறிவது எளிது. 'ஐ5' என்ற குறிக்குப் பின்னால் 7200 என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை. 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்பவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இந்தச் செயலிகளுக்கும் நம் பினாங்குக்கும் உறவு உண்டு. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-ஆம் ஆண்டில் இங்கே பாயான் லெப்பாசில்தான் தொடங்கியது. நெல்வயல்கள் இருந்த இடத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினர். அயல்நாடுகளில் வார்த்த சிலிக்கன் தகடுகளை இங்கே கொண்டுவந்து, துண்டாக்கி, உறையிட்டுச் சோதித்து அனுப்புகிறார்கள். மேசைக்கணினிகளுக்கான இன்டெல் செயலிகள் பலவற்றின் மேல் 'மலாய்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உலகின் கணினிகளுக்கு மூளை பொருத்தி அனுப்பிய கைகள் நம் கைகள். அப்படியிருக்க, "கணினி விவகாரம் நமக்கு எட்டாது" என்று நம் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி நிற்பது பொருந்துமா?

மூன்றாம் கேள்வி: கணினியோடு சேர்ந்தவை எல்லாம் உடன் வருமா? பழைய அச்சுப்பொறிக்கு, புதிய இயங்குதளத்தில் வேலை செய்யும் இயக்கி மென்பொருள் கிடைக்கிறதா என்று அதன் தயாரிப்பாளருடைய தளத்தில் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். கணினிக்குச் செலவில்லாமல் மாற்றிவிட்டு, அச்சுப்பொறிக்குப் பணம் கொடுக்க நேர்ந்தால் கணக்கு மாறிவிடும்.

தமிழில் எழுதுவோர் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருங்குறி என்னும் பொது முறை பரவுவதற்கு முன்னர், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்த எழுத்துருக்கள் பல இருந்தன. ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு வகை. நம் நாட்டு முத்து நெடுமாறன் அவர்களின் முரசு மென்பொருள் 1980-களிலேயே தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டு வந்தது. பின்னர், தமிழ் எழுத்துகளுக்கு ஒரே முறை வேண்டும் என்று அறிஞர்கள் சிங்கப்பூரிலும் சென்னையிலும், 2001-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகளில் கூடி ஆராய்ந்தார்கள். விண்டோஸ் இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழ் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இடம்பெற்றது. தமிழ்நாட்டு அரசும் 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது.

ஆனால், அதற்கு முன் தட்டச்சு செய்தவை இன்றும் பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. தேர்வுத் தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், ஆலயத் திருவிழா அறிக்கைகள், ஒருவர் எழுதி வைத்த குடும்ப வரலாறு என எத்தனையோ உண்டு. கணினியைத் துடைத்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை ஏற்றினால் அந்த எழுத்துரு அழிந்துவிடும். நகலெடுத்து வைத்த கோப்பு பத்திரமாகவே இருக்கும். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த புரியாத கிறுக்கலாகத் தோன்றும். இதைக் கண்டு, கோப்பே கெட்டுவிட்டதென்று அழித்துவிடுவோரும் உண்டு. ஆகவே, மாற்றுவதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். பழைய எழுத்துருக் கோப்புகளை நகல் எடுத்து வைத்தல் ஒன்று. முக்கியமான ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தல் இரண்டு. இதற்கென எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. அவற்றைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் மூன்று. இருபது ஆண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் மறைந்துபோக விடலாமா?

நான்காம் கேள்வி: நம் கையில் உள்ள பணத்திற்கு எந்த வழி ஏற்றது? வழிகள் பல உண்டு.

கணினி தகுதி பெற்றதானால், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறுவதற்கு நிறுவனம் கட்டணம் வாங்குவதில்லை. மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால், பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதியும் உண்டு. அந்தப் பத்து நாட்களுக்குள் அச்சுப்பொறி, ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி என ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.

தகுதி பெறாத கணினிக்குத் தவணை ஒன்று தரப்பட்டது. வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை 2026-ஆம் ஆண்டு அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கின் வழி, கணினியின் அமைப்புகளை இணையக் கிடங்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் அது இலவசம். இல்லையேல் 30 அமெரிக்க டாலர் என்று விதித்தது. இத்தகைய தவணை, யோசிக்கவும் பணம் சேர்க்கவும் கிடைத்த அவகாசமேயன்றித் தீர்வன்று.

மூன்றாவது வழி, லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இது, இன்று உலகெங்கும் பல்லாயிரவர் சேர்ந்து வளர்க்கும் கட்டற்ற மென்பொருள். இதற்கு விலையில்லை, பழைய கணினியிலும் ஓடும், திருத்தங்கள் தொடர்ந்து வரும், தமிழும் எழுதலாம். கேரள மாநிலப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கொண்டே கணினி கற்பிக்கின்றன. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கென ஒரு லினக்ஸையே ஆக்கியது. இணையத்தில் படிப்பதும் கட்டுரை எழுதுவதுமே வேலை என்றால் இது போதும். விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் இது பொருந்தாது. பென் டிரைவில் ஏற்றி, கணினியில் உள்ளதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

புதிது வாங்குவது கடைசி வழி. அதிலும், அலுவலகங்களில் சில ஆண்டுகள் பயன்பட்டு விற்பனைக்கு வரும் கணினிகளுள் நல்லவை உண்டு. முன்னர்ச் சொன்ன தலைமுறை எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். தகுதி பெறாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்பவரிடமும், உரிமமில்லாத பதிப்பை மலிவாகத் தருகிறோம் என்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஆபத்தைத் தவிர்க்கவே மாற்றுகிறோம். வேறோர் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்கலாமா?

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: நகல் எடுத்தல். படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் புற வட்டு ஒன்றில் நகலெடுங்கள். முக்கியமானவற்றுக்கு இரண்டாவது நகலும் வேறோர் இடத்தில் இருக்கட்டும். எடுத்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணம் போன்றது. கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். மின்சாரம் தடைபடாத நேரம் பார்த்து, மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்து, பிள்ளைகளுக்கு மறுநாள் தேர்வு இல்லாத நாளில் வேலையைத் தொடங்குங்கள்.

சுருங்கக் கூறின், புதியது என்பதற்காக மாற்ற வேண்டாம். பழகியது என்பதற்காக மாற்றாமலும் இருக்க வேண்டாம். இணையத்தோடு இணைந்த கணினிக்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது ஒன்றே விட்டுக்கொடுக்க முடியாத விதி. அந்தத் திருத்தம் புதிய விண்டோஸ் வழி வந்தாலும் லினக்ஸ் வழி வந்தாலும் சரியே. வேலை என்ன, கணினி தாங்குமா, உடன் வருவன எவை, செலவு எவ்வளவு என்னும் நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து விடை எழுதுங்கள். விடைகள் வரிசையாக நின்றுவிட்டால், முடிவை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.